பசலை படராத முகம்

மதுரைத் தெருக்களில் மனித முகம் அச்சேறாத இடம் குறைவு. காதணி விழாவுக்குத் தாய்மாமன்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்கும் ஃப்ளெக்ஸ், கல்யாண மண்டப வாசலில் மணமக்களின் ஆளுயரப் படம், பேருந்து நிறுத்தச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, வீட்டுக் கூடத்தில் சந்தன மாலை போட்ட தாத்தா. இந்த முகங்களை நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் வெயிலோடு உழைத்த பெரியவரும், மாசி வீதியில் கடைக்குள்ளேயே காலம் கழித்த வியாபாரியும், கல்லூரிக்குப் போகும் பேத்தியும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் இருக்கிறார்கள். கன்னத்தில் தோலின் இழை இல்லை. மூக்கோரத்தில் நிழல் இல்லை. முகம் ஒரு நிறம், கழுத்து வேறு நிறம்.

இதை ஒரு கடையின் குற்றமாகவோ ஒரு மென்பொருளின் குற்றமாகவோ பார்த்தால் பாதிதான் புரியும். ஒளிப்படக் கலையின் வரலாறு, ஃபிலிமின் வேதியியல், நம் வீடுகளின் ஆசை, அச்சகத்தின் அவசரம் எல்லாம் சேர்ந்து இந்த முகத்தைச் செய்திருக்கின்றன. முகப்படத் திருத்தத்தைப் புதிதாகக் கற்க வருபவர் மென்பொருளின் பொத்தான்களைப் படிப்பதற்கு முன் இந்தப் பின்னணியை அறிந்துகொள்வது நல்லது. அப்போதுதான் எதைத் திருத்தலாம், எங்கே கை நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிச்சமும் கேமராவும் செய்த பிழையைத் திருத்துங்கள். அந்த மனிதர் பிறந்து வளர்ந்து சுமந்து வந்ததைத் தொடாதீர்கள்.

பென்சிலும் கத்தியும்

படத்தைத் திருத்துவது கணினியோடு வந்த பழக்கம் அல்ல. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரைக் கோயிலையும் புது மண்டபத்தையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் படமெடுத்தார். அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அக்கால வேதிப்பூச்சு நீல ஒளியைத்தான் அதிகம் உணரும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வரும். டிரைப் தன் நெகட்டிவ்களின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களையும் இலைக்கொத்துகளையும் சேர்த்தார். மதுரையின் மிகப் பழைய ஒளிப்படங்களில் சிலவற்றை எடுத்தவரே திருத்தக்காரராகவும் இருந்தார்.

முகத்தில் இந்த வேலை ஐரோப்பாவில் அப்போதே தொடங்கிவிட்டது. மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் 1855 பாரிஸ் கண்காட்சியில் திருத்திய நெகட்டிவிலிருந்து எடுத்த படத்தையும் திருத்தாததையும் அருகருகே வைத்துக் காட்டினார். அதன்பின் நெகட்டிவ் திருத்தம் ஸ்டூடியோத் தொழிலின் ஓர் அங்கமாகிவிட்டது. நம் ஊரில் அதன் பெயர் டச்சிங். அடியிலிருந்து ஒளி வரும் சாய்மேசையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோல் கூராக்கிய பென்சிலால் பரு, சுருக்கம், கண்ணுக்குக் கீழுள்ள கருமை ஆகியவற்றின் மேல் சிறு சிறு புள்ளிகள் இடுவார்கள்.

இதில் புதியவர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. நெகட்டிவில் கருமை சேர்த்தால் அச்சுப்படத்தில் அந்த இடம் வெளுக்கும். ஆகவே பென்சிலால் முகத்தை வெளுப்பாக்க மட்டுமே முடியும். கருமை கூட்ட வேண்டுமானால் நெகட்டிவின் பூச்சைக் கத்தியால் சுரண்ட வேண்டும். கை ஒரு மயிரிழை தவறினாலும் படம் போய்விடும். எளிதாகச் செய்ய முடிந்தது வெளுப்பு, ஆபத்தானது கருமை. கருவியின் இந்தச் சாய்வு டச்சிங் கலைஞர்களின் கைப்பழக்கமாகப் படிந்ததில் வியப்பில்லை.

வேதியியலும் அதே திசையில் தள்ளியது. பழுப்பும் சிவப்பும் கலந்த தோல் நீல ஒளியை அதிகம் உறிஞ்சும். நீலத்தை மட்டும் உணரும் தகட்டில் அது இருப்பதைவிடக் கறுப்பாகப் பதியும். சின்ன மங்கு கூடப் பெரிய கறையாகத் தெரியும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாடிக் தகடுகள் விற்பனைக்கு வந்தது 1906-இல்தான். அதற்கு முன் தமிழ் முகத்தைப் படம் பிடித்தவர் பென்சிலை எடுத்ததில் நியாயம் இருந்தது. தகடு செய்த பிழையை அவர் ஈடுகட்டினார். தகடு திருந்திய பிறகும் பென்சில் ஓயவில்லை என்பதுதான் கதை.

அந்தக் கைவேலையின் உன்னதத்தையும் மறக்கக் கூடாது. வாழ்நாளில் ஒரு படமும் எடுக்காமல் இறந்தவரைச் சாய்த்து உட்காரவைத்து எடுத்த படத்தில் மூடிய கண்களுக்கு மேல் திறந்த கண்களைத் தீட்டிக் கொடுத்த கலைஞர்கள் இருந்தார்கள். குழுப் படத்தில் பின்வரிசையில் நின்ற அப்பத்தாவை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, பக்கத்தில் தாத்தாவைச் சேர்த்து, வாழ்நாளில் ஒன்றாகப் படமெடுக்காதவர்களைச் சுவரில் ஒன்றாக்கினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணப் பாதுகாப்புத் திட்ட உதவியுடன் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தியிருக்கிறது. திருத்தம் கற்பவருக்கு அப்படிப்பட்ட பழைய படங்களே முதல் பாடநூல். நம் வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதும் அந்தப் பாடத்தில் சேரும்.

வண்ண ஃபிலிமிலிருந்து கைப்பேசி வரை

வண்ண ஃபிலிம் வந்தபோது சாய்வு வேறு வடிவம் எடுத்தது. லேப் இயந்திரங்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல்லாண்டுகள் வெள்ளைத்தோல் பெண்ணின் படமே இருந்தது. முதல் மாடலின் பெயரால் அதை ஷெர்லி அட்டை என்பார்கள். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எந்திரம் சரி. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. சாக்லேட்டின் நிறமும் மரச்சாமான்களின் நிறமும் சரியாகப் பதியவில்லை என்று விளம்பரத் தொழிலில் எழுந்த புகார்கள் பழுப்பு நிறங்களை ஃபிலிம் மேம்படப் பதிவதற்குக் காரணமாயின என்பதும் அதில் வரும். மனிதத் தோலுக்காக நடக்காதது சாக்லேட்டுக்காக நடந்தது என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990-இல் வந்தது. 1994-இல் படத்தின் மேல் அடுக்கடுக்காக வேலை செய்யும் லேயர் வசதியும் 2002-இல் கறையைச் சுற்றியுள்ள தோலின் இழையால் மறைக்கும் ஹீலிங் பிரஷும் சேர்ந்தன. பென்சிலுக்கு இருந்த சாய்வு இந்தக் கருவிக்கு இல்லை. வெளுப்பும் கருமையும் இங்கே சம எளிது. பிறகு வந்த கைப்பேசி அழகு ஃபில்டர்கள் மனிதக் கையையே விலக்கிவிட்டன. படம் எடுக்கும் முன்பே தோல் வழவழப்பாகிவிடுகிறது. மாற்று முயற்சிகளும் உண்டு. ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் வகுத்த 10 படித் தோல்நிற அளவை கூகுள் 2022-இல் வெளியிட்டது. ஆனால் கேமரா எவ்வளவு திருந்தினாலும், கடைசியில் மவுஸைப் பிடித்திருக்கும் கை திருந்தாமல் படம் திருந்தாது.

முதலில் வெளிச்சம், கடைசியில் தோல்

புதியவர்கள் பெரும்பாலும் படத்தைத் திறந்ததும் கன்னத்துப் பருவுக்குப் போய்விடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். மென்பொருள் எதுவானாலும் பரவாயில்லை; விலையில்லாத கிம்ப், டார்க்டேபிள், கைப்பேசியில் ஸ்னாப்சீட் ஆகியவையே தொடக்கத்துக்குப் போதும். மூலப்படத்தின் நகலில்தான் வேலை செய்ய வேண்டும். முடிந்தால் கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில் எடுக்க வேண்டும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. நிழலில் கிடக்கும் முகத்தைத் தூக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

முதல் வேலை வெளிச்ச அளவு. கேமராவின் மீட்டர், தன் முன் உள்ள காட்சி சராசரியாக நடுச்சாம்பல் என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில், வெள்ளைத் துணிப் பந்தலுக்குக் கீழே மாப்பிள்ளை நிற்கிறார் என்று வையுங்கள். வெள்ளை அதிகம் என்று கண்ட மீட்டர் ஒளியைக் குறைத்துவிடும். முகம் இருண்டு போகும். படத்தைப் பார்த்த வீட்டார், “மாப்பிள்ளை கறுப்பா விழுந்துட்டாரு, கொஞ்சம் கலராக்கி விடுங்க தம்பி” என்பார்கள். இங்கே பிழை தோலில் இல்லை, மீட்டரில் இருக்கிறது. எக்ஸ்போஷரைக் கூட்டி, ஷேடோவை மெல்லத் தூக்கினால் அவருடைய உண்மையான நிறம் வந்துவிடும். அங்கேயே நிறுத்த வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதற்குச் சாட்சி படத்துக்குள்ளேயே உண்டு: கழுத்து, காது, கைகள். முகம் இவற்றைவிட்டு விலகிய கணத்தில் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

இரண்டாவது, வெள்ளைச் சமநிலை. நம் ஊரின் வெளிச்சம் ஒருபோதும் தனியாக வருவதில்லை. சோழவந்தான் வயல் வரப்பில் நின்றால் நெற்பயிரின் பச்சை தாடைக்கு அடியில் ஏறும். கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் மண்ணின் செம்மை கன்னத்தில் ஏறும். மண்டபத்தில் சுவரின் பெயின்டும் சீரியல் விளக்கும் சேர்ந்து ஒரு முகத்தின் இரு பாதிகளை இரண்டு நிறமாக்கும். படத்தில் வெள்ளையான ஒன்றைத் தொட்டுச் சமநிலை காணலாம் என்பார்கள். வேட்டியைத் தொடாதீர்கள், சொட்டு நீலமும் சோப்புத்தூளின் ஒளிர்பொருளும் ஏறிய துணி நீலம் கலந்த வெள்ளை. அதை வெள்ளையென்று நம்பினால் மென்பொருள் நீலத்தைக் கழிக்கும், முகம் மஞ்சளாகும். நெற்றியின் மெல்லிய விபூதி தோலின் நிறத்தைக் கலந்து காட்டும். கூந்தலில் நன்றாக விரிந்த மதுரை மல்லி ஓரளவு நம்பகமானது. வாடிப் பழுப்பேறிய பூ என்றால் அதுவும் ஆகாது. சிறந்த வழி, சடங்கு தொடங்கும் முன் முகத்தருகே ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்வது. விலை சொற்பம், பயன் பெரிது.

மூன்றாவது, ஒரு பகுதிக்கு மட்டுமான ஒளி. உச்சிவெயிலில் எடுத்த படத்தில் கண்குழிகள் இருண்டிருக்கும். அவற்றை மட்டும் சிறிது ஏற்றலாம். அதற்கென்று தனி லேயர் வைத்து, 5 முதல் 10 சதவீத வலுவுள்ள மெல்லிய பிரஷால் பலமுறை தடவுவதே நல்ல பழக்கம். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வியர்வை மினுங்கும். நம் வெயிலில் அது தவிர்க்க முடியாதது. மினுக்கத்தைத் தணியுங்கள், துடைத்தழிக்காதீர்கள். கறுத்த தோலுக்கு வடிவம் தருவது பெரும்பாலும் அந்த ஒளிப்புள்ளிதான். கன்ன எலும்பின் மேல் விழும் சிறு பளபளப்பை எடுத்துவிட்டால் முகம் தட்டையான காகிதமாகிவிடும்.

தோல் ஒரு சான்றிதழ்

இதற்குப் பிறகுதான் தோலுக்கு வர வேண்டும். இங்கே தொழிலில் பலரும் கைக்கொள்ளும் ஒரு விதி பயன்படும்: இரண்டு வாரத்தில் தானே மறையக்கூடியதை எடுக்கலாம். பரு, கொசுக்கடி, சவரக் கீறல், ஒட்டிய சந்தனத் துகள் இவை அந்த நாளின் தற்செயல்கள். மச்சம், அம்மைத் தழும்பு, தையல் தழும்பு, சிரிப்புக் கோடு இவை அந்த மனிதர். நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு வரி உண்டு. வலது கன்னத்தில் ஒரு மச்சம் என்று தலைமையாசிரியர் எழுதிக் கையெழுத்திட்டதை அழிக்கும் உரிமை ஒரு பிரஷுக்கு இல்லை. தழும்பை மறைக்கச் சொல்லி அவரே கேட்டால் அது வேறு. அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான், அவருடைய உறவினரோ நாமோ அல்ல.

மூதாட்டிகளின் படத்தில் இந்த விதி இன்னும் கடுமையாக வேண்டும். தண்டட்டி அணிந்து நீண்ட காது, கையிலும் நெற்றியிலும் பச்சை குத்திய கோலம், வெற்றிலைக் காவி ஏறிய பல் ஆகியவை அவர்களோடு மறையப்போகும் ஒரு காலத்தின் ஆவணங்கள். பல்லை வெளுப்பாக்கும் கருவியை அந்தப் படத்தில் எடுக்கவே கூடாது.

கருவி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். முகம் முழுவதையும் மங்கலாக்கித் தோலை வழவழப்பாக்கும் குறுக்குவழி, தோலின் துளைகளையும் மென்மயிரையும் சேர்த்து அழித்துவிடும். மெழுகுப் பொம்மை முகம் வருவது அதனால்தான். ஹீலிங் பிரஷை வெற்று லேயரில், பருவைவிடச் சற்றே பெரிய அளவில், ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பது நேரம் பிடித்தாலும் நேர்மையான வழி. தோலின் இழையை ஓர் அடுக்காகவும் நிறத்தை இன்னோர் அடுக்காகவும் பிரித்துத் திருத்தும் முறை உண்டு. வலுவான முறைதான், முதல் ஆண்டில் அது வேண்டாம். கண்ணின் வெள்ளையைத் தூய வெள்ளையாக்காதீர்கள். கண்ணைப் பெரிதாக்காதீர்கள். விழியில் விழுந்த ஒளிப்பொட்டை மட்டும் காப்பாற்றுங்கள். முகத்தின் உயிர் அதில் இருக்கிறது.

‘கலர்’ என்ற சொல்

நம் பேச்சுத் தமிழில் ‘பொண்ணு நல்ல கலர்’ என்றால் வெளுப்பு என்று பொருள். கறுப்பு ஒரு நிறமே இல்லை என்பதுபோல அந்தச் சொல் நடக்கிறது. பெண் பார்க்கும் படலத்துக்குப் படம் கேட்கும்போது ஸ்டூடியோவில் இந்தச் சொல் தவறாமல் ஒலிக்கும்.

மனிதத் தோல்கள் எல்லாம், கறுப்போ வெளுப்போ, பெரும்பாலும் ஆரஞ்சைச் சுற்றிய ஒரே குறுகிய சாயல் பகுதியில்தான் அமைகின்றன. மாறுவது ஒளிர்வும் செறிவும். அதனால் மென்பொருளில் ஆரஞ்சின் ஒளிர்வைக் கூட்டும் ஒரு ஸ்லைடர் போதும், ஒரு நொடியில் முகம் வெளுத்துவிடும். புதியவரைச் சறுக்க வைக்கும் இடம் இது. அந்த ஸ்லைடரை இழுத்தால் தாலியின் பொன்னும் மண்சுவரின் நிறமும் சேர்ந்து வெளிறும், உதட்டுக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு குறையும், தோல் சாம்பல் பூத்தது போலாகும். அறம் ஒருபுறம் இருக்க, படமாகவே அது தோற்றுவிடும்.

வெளுப்பின் மேலுள்ள இந்த ஆசைக்கு எதிராக நம் மாநிலத்திலும் நாட்டிலும் குரல்கள் எழுந்திருக்கின்றன. சென்னையிலிருந்து கவிதா இம்மானுவேல் 2009-இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கினார். 2014-இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கறுத்த தோல் உடையவர்களை அழகற்றவர்களாகவோ தாழ்ந்தவர்களாகவோ காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. 2017-இல் சென்னை ஒளிப்படக்காரர் நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் இணை தெய்வங்களைக் கறுத்த மேனியினராகக் காட்டும் படத்தொடரை வெளியிட்டது. 2020-இல் ஃபேர் அண்டு லவ்லி முகப்பூச்சு தன் பெயரையே மாற்றிக்கொண்டது. வெளிநாட்டில், விளம்பரப் படத்தில் உடலமைப்பை மாற்றினால் திருத்திய படம் என்று குறிக்க வேண்டும் என்ற விதி பிரான்சில் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நார்வேயில் 2022-இல் வந்த விதி தோலையும் சேர்த்துக்கொண்டது. விதி இல்லாத ஊரில் அந்தப் பொறுப்பு திருத்தக்காரரின் மனச்சாட்சிக்கு வருகிறது.

படம் எங்கே போகிறது

ஒரே முகத்துக்கு ஒரே திருத்தம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பாஸ்போர்ட், தேர்வு விண்ணப்பம் போன்றவற்றில் முகத்தைத் தொடக் கூடாது. அடையாளம் காண்பதற்கான படம் அது. 35க்கு 45 மில்லிமீட்டர் அளவை அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 413க்கு 531 பிக்சலாக வெட்டி, நிறத்தை நேராக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கல்யாண ஆல்பத்துக்கு 12க்கு 36 அங்குலத் தாள் என்றால் 3,600க்கு 10,800 பிக்சல் வேண்டும். அங்கே தோலின் இழை ஒவ்வொன்றும் தெரியும், அவசரத் திருத்தமும் தெரியும். ஃப்ளெக்ஸைத் தொலைவிலிருந்து பார்ப்பார்கள் என்பதால் 6க்கு 4 அடிப் பலகைக்கு அங்குலத்துக்கு 72 புள்ளியே போதும். வண்ண வெளி எஸ்ஆர்ஜிபி ஆக இருந்தால் லேபில் குழப்பம் குறையும்.

அச்சு இருட்டாக வருகிறது என்ற புகாருக்கு அடிக்கடி காரணம் மானிட்டர். திரையின் ஒளியை முழுதாக ஏற்றிவைத்து வேலை செய்பவருக்குப் படம் வெளிச்சமாகத் தெரியும், காகிதத்தில் இருளும். அடுத்த முறை பயந்து எல்லா முகத்தையும் வெளுப்பாக்குவார். சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டலா ஒளியிலும் 6500 கெல்வின் நிறத்திலும் திரையை அமைத்துக்கொண்டால் இந்தச் சுழல் நிற்கும். அளவிடும் கருவி இல்லாதவர் ஒரே படத்தை லேபில் அச்சிட்டு, திரையருகே பிடித்து, இரண்டும் ஒத்துவரும் வரை திரையின் ஒளியைக் குறைக்கலாம்.

நினைவுப் படங்கள் தனி ரகம். வாக்காளர் அட்டையிலிருந்தோ, கரையான் அரித்த குழுப் படத்திலிருந்தோ ஒரு முகத்தை மீட்கச் சொல்லி வருவார்கள். குறைந்தது 600 புள்ளிச் செறிவில் ஸ்கேன் செய்து, கீறலையும் பூஞ்சையையும் கையால் எடுப்பதே பழைய, உறுதியான வழி. செயற்கை நுண்ணறிவு மீட்புக் கருவி நொடியில் தெளிவான முகம் தரும். அந்தத் தெளிவு மூலப்படத்தில் இல்லாதது. எங்கோ உள்ள ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து கருவி ஊகித்துப் போட்டது. தண்டட்டி தொங்கிய காதைச் சாதாரணக் காதாகவும், ஒரு பக்கம் கோணிய சிரிப்பை நேராகவும் அது ஆக்கிவிடக் கூடும். பேரன் இனிமேல் வணங்கப்போவது அந்தப் படத்தை. முகம் மங்கலாக இருக்கட்டும், அப்பத்தாவாக இருக்கட்டும்.

பயிற்சிக்கு ஒரு வழி

கற்பவர் முதலில் தன் வீட்டில் உள்ள ஒருவரின் முகத்தை ஜன்னலோர வெளிச்சத்தில் எடுக்கட்டும். திருத்தும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும். திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்ப்பதைவிட நல்ல அளவுகோல் இல்லை. பெரிதாக்கித் திருத்திய ஒவ்வொரு முறையும் முழுப்படத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். முடிந்ததும் சேமித்துவிட்டு, மறுநாள் காலையில் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். திருத்தம் முதலில் கண்ணில் பட்டால் அது அதிகம். அவர் முதலில் கண்ணில் பட்டால் போதுமான அளவு.

தமிழ்ச் சங்கம் வளர்ந்ததாகச் சொல்லும் ஊர் இது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் என்பார்கள் உரைகாரர்கள். தலைவனைப் பிரிந்த துயரத்தில் அந்த மாமை குன்றி, மேனி வெளிறிப் போவதற்குப் பெயர் பசலை. வெளிறிப் போவதை நம் முன்னோர் நோயாகப் பார்த்தார்கள். தோழியும் தாயும் அது கண்டு பதறினார்கள். அந்தக் கண் நமக்கு மறந்துவிட்டது. முகப்படம் திருத்த உட்காரும் இளைஞர் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று விரும்புகிறேன். நிழலில் போன கண்ணை மீட்டுக் கொடுங்கள், மீட்டர் இருட்டாக்கிய மாநிறத்தை மீட்டுக் கொடுங்கள். உங்கள் கை பட்ட முகத்தில் பசலை மட்டும் படர வேண்டாம்.